காய்ந்த முடிக்கு வீட்டுப் பக்குவம்

பெங்களூரில் ஒரு பெரிய கட்டட வேலை நடக்கிறது. பக்கத்தில் தகரக் கொட்டகைகள். அங்கே பல ஊர்க்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் உண்டு. ராய்ச்சூர், அனந்தப்பூர், பீகார் குடும்பங்களும் உண்டு. இரவு ஏழரை மணிக்கு அங்கே எழுத்தறிவு வகுப்பு நடக்கும். நான் அங்கே சொல்லிக் கொடுக்கிறேன்.

ஒரு நாள் ஓர் அக்கா ஒரு சீசாவைக் கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்றார்.

அது தலை எண்ணெய். பஸ் நிலையத்தில் 350 ரூபாய்க்கு வாங்கினாராம். அவருடைய ஒரு நாள் கூலியில் அது பாதிக்கு மேல். "ஏழே நாளில் முடி வளரும்" என்று விற்றவர் சொன்னாராம். இரண்டு மாதம் ஆகிவிட்டது. அக்காவின் முடி தேங்காய் நார் மாதிரியே இருந்தது. சீப்பு வைத்தால் கொத்தாக வந்தது.

"நீங்களே படிங்க அக்கா" என்றேன்.

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். எண்ணெயின் பெயர் இருந்தது. ஒரு பெண்ணின் படம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. என்ன பொருள் சேர்த்தார்கள்? எங்கே செய்தார்கள்? எந்தத் தேதியில் செய்தார்கள்? எதுவுமே இல்லை.

"இதைப் படிக்கத் தெரியாமத்தான் பணத்தைக் கொடுத்தேனா!" என்றார் அக்கா.

அன்று பாடம் தலைமுடியைப் பற்றியே நடந்தது. நான் பள்ளிப் படிப்பு மட்டும் படித்தவள். ஆகவே நர்சம்மாவிடமும் பெரியவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முடி என்பது என்ன?

முடியை வெட்டினால் வலிக்கிறதா? இல்லை. ஏன் தெரியுமா? வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. தோலுக்கு உள்ளே இருக்கும் வேருக்குத்தான் உயிர் உண்டு. வேரில் இருந்து முடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும்.

ஒவ்வொரு முடியின் மேலும் மெல்லிய செதில்கள் இருக்கின்றன. கூரை ஓடுகள் போல அவை ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். அப்போது முடி வழவழப்பாக இருக்கும். செதில்கள் தூக்கிக்கொண்டால் முடி சொரசொரப்பாகும். சிக்கு விழும். நுனி பிளக்கும்.

பட்டுச் சேலை கிழிந்தால் தானாக ஒட்டிக்கொள்ளுமா? முடியும் அப்படித்தான். பிளந்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்ட வைக்காது. அந்த நுனியை வெட்டிவிட வேண்டும். இருக்கும் முடியைக் காப்பாற்ற வேண்டும். வேருக்கு நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் பக்குவம்.

முடி ஏன் காய்கிறது?

வெயில் ஒரு காரணம். சிமெண்டுத் தூசி இன்னொரு காரணம். சிமெண்டில் காரம் அதிகம். அது முடியின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும்.

துணி சோப்பால் தலை குளிப்பதும் கெடுதல். அதிலும் காரம் உண்டு. காரம் பட்டால் செதில்கள் தூக்கிக்கொள்ளும். இங்கே பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அது உப்பு நிறைந்த கடின நீர். அதில் சோப்பு நன்றாக நுரைக்காது. பிசுக்காக முடியில் ஒட்டிக்கொள்ளும்.

வேலைக்குப் போகும்போது பருத்தித் துணியால் தலையை நன்றாகக் கட்டுங்கள். சும்மாட்டுக்குக் கீழேயும் துணி இருக்கட்டும். வேலை முடிந்ததும் தூசியை உதறுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அதற்குப் பிறகுதான் எண்ணெயைத் தொட வேண்டும்.

எல்லா ஊரிலும் உண்டு

வகுப்பில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நாங்கள் சீயக்காய் என்றோம். ராய்ச்சூர் அம்மா அதையே சீகேகாயி என்றார். அனந்தப்பூர் அக்கா குங்குடுகாய என்றார். பீகார் பெண் ரீட்டா என்றாள். குங்குடுகாயவும் ரீட்டாவும் நம்முடைய பூந்திக்கொட்டைதான்! சீயக்காய், பூந்திக்கொட்டை இரண்டிலும் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருக்கிறது. சீயக்காயில் சோப்பைப் போலக் காரம் இல்லை. கடின நீரிலும் அது பிசுக்காக ஒட்டாது.

வீட்டிலேயே செய்யலாம்

1. எண்ணெய்: தேங்காய் எண்ணெய் 2 ஸ்பூன் போதும். குளிப்பதற்கு முதல் நாள் இரவு தடவுங்கள். நேரம் இல்லையென்றால் ஒரு மணி நேரம் முன்பு தடவுங்கள். நுனி வரை தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் முடிக்கு உள்ளே இறங்கும். முடியில் இருக்கும் புரதச் சத்து வீணாகாமல் காக்கும். மும்பை ஆய்வாளர்கள் சோதித்து 2003-ல் இதை எழுதினார்கள். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியில் வேலை செய்தவர்கள். அதையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

2. சீயக்காய்த் தூள்: காய்ந்த சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம். மூன்றையும் வெயிலில் காய வைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது சாதம் வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்க்கலாம். வறண்ட முடிக்கு வாரம் இரண்டு முறை போதும். கண்ணில் பட்டால் எரியும். குழந்தைகளுக்குக் கவனமாகத் தேய்க்க வேண்டும்.

3. வெந்தயம்: 2 ஸ்பூன் வெந்தயத்தை இரவு ஊற வையுங்கள். காலையில் அரைத்துத் தடவி, அரை மணி நேரம் கழித்து அலசுங்கள். அதில் உள்ள வழவழப்பு முடியின் மேல் படியும். சிக்கு எளிதில் எடுபடும்.

4. செம்பருத்தி இலை: ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் கசக்கி வடிகட்டுங்கள். கொழகொழவென்று வரும். அதைத் தடவி அலசலாம். இதற்குக் காசே வேண்டாம்.

எதுவானாலும் முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள்.

ஈரமான முடி எளிதில் அறுந்துவிடும். ஈரத்தோடு இழுத்துச் சீவாதீர்கள். பல் அகலமான சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். பேனுக்கு மண்ணெண்ணெய் தடவாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பேன் சீப்பால் சீவுங்கள். மருந்து வேண்டுமானால் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

முடி கொட்டினால்?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பிரசவத்துக்குப் பிறகும், கடும் காய்ச்சலுக்குப் பிறகும் சில மாதம் அதிகமாகக் கொட்டும். பிறகு பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். ஆனால் முடி கொட்டுவதோடு களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் இருக்கிறதா? அப்படியானால் எண்ணெயைத் தேடாதீர்கள். இரத்தத்தைச் சோதியுங்கள்.

எங்கள் அக்காவுக்கு இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டார். நர்சம்மா சொன்னதால் அரசு சுகாதார நிலையத்துக்குப் போனார். ஹீமோகுளோபின் 8 தான் இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். அக்காவுக்கு இரத்தசோகை!

இது அக்காவுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

அக்காவுக்கு இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுத்தார்கள். டீயோடு சாப்பிடக்கூடாது என்று சொன்னார்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு சாப்பிடச் சொன்னார்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கத்தையும் அக்கா விட்டார்.

ஆறு மாதம் ஆயிற்று. இப்போது மூச்சு வாங்குவதில்லை. முடி கொட்டுவதும் குறைந்துவிட்டது. நெற்றி ஓரத்தில் புது முடி குட்டையாக முளைத்திருக்கிறது. பிளந்த நுனியை ஒரு சாண் வெட்டிவிட்டார்.

மாத்திரை அட்டையில் இருந்த தேதியை அவரே படித்தார். "இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் தலைக்கு எதைத் தேய்க்கிறார்கள்?
2. உங்கள் வீட்டு எண்ணெய் சீசாவை எடுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது? எது எழுதாமல் இருக்கிறது?
3. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவருக்கு என்ன மிச்சம் இருக்கும்?