பெற்றோர் ஆளுக்கொரு ஊரில்: குழந்தை யார் பொறுப்பில்?

பிரிந்துவிட்ட பெற்றோரில் ஒருவர் சுவாமிமலையிலும் மற்றவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும்போது குழந்தை யாரிடம் வளர்வது என்று தகராறு வந்தால், அதைத் தீர்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பத்திரத்தில் எழுதிக்கொண்டது, மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய கடிதம், நோட்டரி முத்திரை குத்திய ஒப்பந்தம் இவற்றில் எதுவும் நீதிமன்ற உத்தரவு ஆகாது. இந்தத் தாள்களை நம்பி வருடங்களைக் கழித்துவிட்டு, எதிர்த்தரப்பு குழந்தையை அழைத்துக்கொண்டு போன பிறகுதான் பலர் வக்கீலைத் தேடுகிறார்கள். புகார் கொடுக்கப் போனால் ‘இது சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பும் அதே காவல் நிலையம்தான் முன்பு இரு தரப்பையும் உட்கார வைத்து அந்தக் கடிதத்தை எழுத வைத்திருக்கும்.

மனு எங்கே போடுவது என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 9-ஆம் பிரிவு, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தையே அதிகாரமுள்ளதாகச் சொல்கிறது. தகப்பனின் பூர்வீகமோ தாயின் பிறந்த வீடோ கணக்கில் இல்லை. கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த குழந்தை அங்கே ‘வசிப்பதாக’ ஆகாது. குழந்தை சுவாமிமலையில் வளர்கிறது என்றால், தஞ்சாவூர் மாவட்டத்தில் அந்த எல்லைக்குரிய குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால், இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவின்கீழ் அந்த நீதிமன்றத்திலேயே கேட்கலாம். குடும்ப வன்முறை இருந்தால், தாய் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்டு மனு செய்ய முடியும்.

வசிப்பிடத்தை வாய்வார்த்தையால் நிரூபிக்க முடியாது. பள்ளியின் படிப்புச் சான்றிதழ், எமிஸ் எண், தடுப்பூசி அட்டை, குழந்தையின் ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றின் நகலும் முதல் நாளே மனுவோடு போக வேண்டும். மூல மனுவுடன் இடைக்காலப் பொறுப்புக்குக் காப்பாளர் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யவேண்டும். இதை விட்டுவிட்டால் வழக்கு முடியும்வரை குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இருக்கும். நாளாக ஆக, அந்த இடமே அதற்குப் பழகியும் விடும்.

எதிர்த்தரப்பு வெளியூரில் வழக்குப் போட்டால் சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புவது பெரும் முட்டாள்தனம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். சம்மனை வாங்கி, ஆஜராகி, வழக்கை மாற்றக் கேட்பதே வழி. தமிழ்நாட்டுக்குள் என்றால் உயர் நீதிமன்றம், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றம்.

ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம். ஐந்தாவது பிறந்தநாளன்று குழந்தை தானாகவே தகப்பனிடம் போய்விடும் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. எந்த வயதிலும் குழந்தையின் நலனே அளவுகோல். விவரம் தெரிந்த பிள்ளையிடம் நீதிபதி தன் அறையில் வைத்துப் பேசுவதுண்டு. தகப்பனுக்கே பிள்ளை உபதேசம் செய்த சுவாமிமலைத் தலத்தில் இதை வியப்பாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் விருப்பம் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

தொலைவில் வாழ்பவருக்கு ‘மாதம் இருமுறை பார்க்கலாம்’ என்ற ஒற்றை வரி உத்தரவு பயன்படாது. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் எத்தனை நாள், தீபாவளி யாருடன், பொங்கல் யாருடன், குழந்தையை எந்த ரயில் நிலையத்தில் யார் ஒப்படைப்பது, டிக்கெட் செலவு யாருடையது, காய்ச்சலால் தவறிய சந்திப்புக்கு எந்த நாள் ஈடு, பள்ளி மாற்றினால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் வெவ்வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால் தொடர்பு உரிமையும் முக்கியம், வீடியோ அழைப்பே அதற்கு நல்ல வழி என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. அழைப்பு நேரத்தையும் மனுவிலேயே கேட்க வேண்டும். சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 9 மணி என்று மட்டும் எழுதினால் யாருடைய 9 மணி என்பதில் அடுத்த சண்டை வரும்.

வெளிநாடு என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. பிரிட்டனிலிருந்து தாய் கோவைக்கு அழைத்து வந்த இரு சிறுமிகளைத் திருப்பி அனுப்பும்படி 2015-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-இல் அதே நீதிமன்றம், வெளிநாட்டு உத்தரவு கவனிக்கத்தக்க பலவற்றில் ஒன்று மட்டுமே, நலனே முதன்மை என்று வேறு வழியில் சென்றது. 2020-இல் தகப்பன் பொறுப்பில் கென்யாவுக்கு ஒரு சிறுவனை அனுப்ப அனுமதித்த உத்தரவை, தகப்பன் ஏமாற்றிவிட்டதாகக் கண்டு 2021-இல் உச்ச நீதிமன்றமே திரும்பப் பெற நேர்ந்தது. அதற்குள் பையன் போய்விட்டிருந்தான். குழந்தையை நாட்டைவிட்டு அழைத்துச் செல்வார்கள் என்ற பயம் இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே தடை உத்தரவு வாங்கி, அதன் சான்றிட்ட நகலைத் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். மற்றவர் சம்மதம் இல்லாமல் குழந்தைக்குப் பாஸ்போர்ட் கேட்பவர் இணைப்பு ‘சி’ உறுதிமொழி தர வேண்டும். அதில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம்.

உத்தரவு கைக்கு வந்தபின் எதிர்த்தரப்பு மீறினால், பள்ளி வாசலில் நின்று குழந்தையைத் தூக்கி வரக் கூடாது. உத்தரவு தந்த நீதிமன்றத்திலேயே நிறைவேற்று மனு போட வேண்டும். திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது: தூக்கி வரக் கூடாது. அந்த ஒரு செயலே நல்ல வழக்கைக் கெடுக்கும். ஜீவனாம்சம் வரவில்லை என்று சந்திப்பைத் தடுப்பதும், பார்க்க விடவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் அதே வகைத் தவறுதான். இரண்டும் தனித்தனி வழக்குகள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பது தாமதத்துக்குக் காரணமாகக் கூடாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. சுவாமிமலைக்காரர்கள் கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம். தொலைபேசியில் கேட்க எண் 15100.