கண்ணீர் வைத்தது குப்பியிலா, துருத்தியிலா?

புதுச்சேரிக் கிறித்தவர்கள் ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாளைக் கல்லறைத் திருநாளாக அனுசரிக்கின்றனர். அன்று கல்லறைகள் வெள்ளையடிக்கப்பட்டு, மலரும் மெழுகுவர்த்தியுமாகக் காட்சி தரும். எம் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர், மனைவியை இழந்தபின் வந்த முதல் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் என்னைத் தேடி வந்தார். ஊர் வழக்கப்படி அவரை நான் 'முசே' என்று அழைப்பேன். அவர் என்னை 'ஹஜ்ரத்' என்பார். அவர் கையில் விரல் நீளமுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஆறுதல் பரிசு அது. பண்டைய யூதரும் உரோமரும் இத்தகைய குப்பிகளில் தம் கண்ணீரைச் சேகரித்து, இறந்தவரோடு புதைத்தனர் என்றும், தாவூத் (அலை) அவர்கள் தம் சங்கீதத்தில் பாடியது இக்குப்பியைப் பற்றியே என்றும் உடனிருந்த அட்டையில் அச்சிடப்பட்டிருந்தது.

"ஹஜ்ரத், உங்கள் அரபு வேதாகமத்தில் இந்த இடத்தில் என்ன சொல் இருக்கிறது? எனக்கு இது உண்மையா என்று தெரிய வேண்டும்" என்றார் அவர். துக்கத்தில் இருப்பவர் ஆறுதலை ஏற்பதற்கு முன் அதன் மெய்ம்மையை வினவுவது அரிது. அவ்வினாவிற்கு யான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

முதலில் குப்பியைப் பார்ப்போம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கடற்கரைப் பகுதியில் கண்ணாடியை ஊதி உருவாக்கும் தொழில் பிறந்தது. அதுவரை செல்வர் மட்டுமே வைத்திருந்த கண்ணாடிக் கலம், இரண்டே தலைமுறைகளில் எளியோர் கைக்கும் எட்டியது. குறுகிய கழுத்தும் விரிந்த வாயும் கொண்ட சிறு குப்பிகள் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் பழங்கல்லறைகளில் திரளாகக் கிடைத்துள்ளன. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியப் பழம்பொருள் ஆர்வலர் இவற்றைக் கண்டு, விரிந்த வாய் கண்ணோடு பொருந்துவதற்கே என்று முடிவு கட்டி, 'கண்ணீர்க் குப்பி' எனப் பெயரிட்டனர். பிரெஞ்சில் இது 'லாக்ரிமத்துவார்'. ஆங்கில அறிஞர் தாமஸ் பிரவுன் 1658இல் வெளியிட்ட ஈமத்தாழி பற்றிய நூலில் இப்பெயர் இடம்பெறுகிறது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்னரே, ஷேக்ஸ்பியரின் 'அந்தோணியும் கிளியோபாத்ராவும்' நாடகத்தில் இறந்த மனைவிக்காகக் கண்ணீரால் நிரப்பப்பட வேண்டிய குப்பிகள் பேசப்படுகின்றன. ஆயின், உரோமர் எழுதி வைத்த நூல்களில் கண்ணீரைக் குப்பியில் பிடித்த வழக்கத்திற்குச் சான்றில்லை. குப்பிகளின் உட்புறப் படிவுகளைச் சோதித்தவர் கண்டதும் எண்ணெய், கொழுப்பு, மரப்பிசின் ஆகியவற்றின் எச்சங்களே. அவை நறுமணத் தைலக் குப்பிகள். பிணத்திற்குப் பூசிய தைலத்தின் எஞ்சிய குப்பியைக் கல்லறையிலேயே விட்டுச் சென்றனர், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்வதில் நமக்குச் சிரமம் இருக்கலாகாது. மய்யித்திற்குப் பூசும் நறுமணக் கலவையை அரபு மொழியில் 'ஹனூத்' என்பர். நம் ஊர்களில் கபனிடும் போது கற்பூரமும் சந்தனமும் அத்தரும் எடுத்து வைக்கும் முதியவருக்கு அக்குப்பியைக் காட்டினால், அது எதற்கென்று அவரே சொல்லிவிடுவார். ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் இல்லத்தில் தோல் விரிப்பில் பகலுறக்கம் கொள்வதுண்டு. அவர்களது வியர்வையை அந்த அம்மையார் ஒரு 'காரூரா'வில், அதாவது கண்ணாடிக் குப்பியில், சேகரித்து நறுமணப் பொருளில் கலந்து வைத்தார்கள். அவர்தம் மகனார் அனஸ் (ரலி) அவர்கள் தமக்கு மரணம் நெருங்கிய வேளையில், தம் ஹனூத்தில் அதில் சிறிது கலக்கப்பட வேண்டும் என வஸிய்யத் செய்தார்கள். பிரிந்த அன்பரின் நினைவுப்பொருள், குப்பி, நறுமணம், மரணம் நான்கும் ஒருங்கே அமைந்த செய்தி இது. கண்ணீர் மட்டும் இல்லை.

நம் நகரத்திற்கும் இக்கண்ணாடிக் கதையில் ஓர் இடமுண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவினரும் அகழ்ந்தனர். 'பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு கூறும் 'பொதுகே' துறை இதுவே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. மதுவும் ஒலிவ எண்ணெயும் வந்த இரட்டைப்பிடிச் சாடிகள், இத்தாலியச் சிவப்பு மட்கலங்கள், மேலைக் கண்ணாடிக் கலத் துண்டுகள் ஆகியன அங்குக் கிடைத்தன. அவை வணிகத்தின் சாட்சிகள்; துக்கத்தின் சாட்சிகள் அல்ல. எனினும் கிறித்துவின் காலத்தைச் சேர்ந்த மேலைக் கண்ணாடி நம் ஆற்றங்கரையில் கிடைக்கிறது என்றவுடன், எந்தச் சிறு குப்பியைக் கண்டாலும் அதற்கொரு வேதக் கதை கட்டும் ஆவல் எழுவது இயல்பே.

இனிச் சொல்லுக்கு வருவோம். எபிரேய சங்கீதம் 56இன் 8ஆம் வசனத்தில் உள்ள சொல் 'நோத்'. இன்று கிறித்தவரிடம் உள்ள சங்கீத நூல் முழுவதும் தாவூத் (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட ஸபூர்தானா என்பது வேறு விவாதம். இங்கு அதற்குள் நுழைய வேண்டுவதில்லை. 'நோத்' பழைய ஏற்பாட்டில் வேறு சில இடங்களிலும் வருகிறது. யோசுவாவை ஏமாற்ற வந்த கிபியோனியர், கிழிந்து தைத்த மதுப்பைகளைச் சுமந்து வந்தனர், அங்கே இச்சொல். நியாயாதிபதிகள் நூலில் யாகேல் என்னும் பெண் பாலூற்றிக் கொடுத்தது 'நோத்'திலிருந்து. சங்கீதம் 119இல் புகையில் தொங்கிச் சுருங்கிய பொருள் ஒன்றுக்குத் தம்மை ஒப்பிடுகிறார் பாடியவர், அதுவும் இதுவே. கிழியும், தைக்கப்படும், புகையில் சுருங்கும் பொருள் கண்ணாடியாதல் இயலாது. ஆட்டுத்தோலை உரித்துப் பதப்படுத்தி, பாலும் நீரும் மதுவும் சுமந்து செல்லும் தோற்கலம் அது. தாவூத் (அலை) அவர்களின் காலம் கி.மு. 1000ஐ ஒட்டியது. கண்ணாடி ஊதும் தொழிலோ அதற்கு ஒன்பது நூற்றாண்டுகள் பிற்பட்டது.

1865இல் பெய்ரூத்தில் நிறைவெய்திய அரபு மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'ஸிக்கு' என்னும் சொல்லைப் பெய்துள்ளது. பானங்களை வைக்கும் தோற்கலத்திற்கு அரபியரின் பழஞ்சொல் அது. கண்ணாடியே கருதப்பட்டிருப்பின் 'காரூரா' என்னும் சொல் அம்மொழிபெயர்ப்பாளர் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. சுவனத்துக் கலங்களை வருணிக்கும் திருக்குர்ஆன் வசனத்தில் (76:15,16) அதன் பன்மை வடிவத்தை ஓதாத முஸ்லிம் இல்லை. லூயி செகோனின் பிரெஞ்சு வேதாகமத்தில் 'ஊத்ர்' என்று உள்ளது, அதுவும் தோற்பையே. தமிழில் புரோட்டஸ்டாண்டு சபையினரின் வேதாகமம் 'துருத்தி' என்கிறது. இன்றைய வாசகருக்குத் துருத்தி என்றால் கொல்லன் உலையே நினைவுக்கு வரும். ஆனால் நீரும் மதுவும் வைக்கும் தோற்பைக்கும் தமிழில் அதுவே பெயர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'தோற்பை' எனத் தெளிவாகவே உள்ளது. ஆக, அரபும் பிரெஞ்சும் தமிழும் ஒருமுகமாகத் தோலைச் சொல்ல, தடுமாற்றம் 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் உள்ள 'பாட்டில்' என்னும் சொல்லில் தொடங்குகிறது. அக்கால ஆங்கிலத்தில் அச்சொல் தோற்கலத்தையும் குறித்தது. அவர்கள் பிழை செய்யவில்லை. பின்வந்தோர் கண்ணாடியை மட்டும் நினைத்தனர். தமிழ் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆங்கிலப் பிரசங்கத்தின் குப்பியை இறக்குமதி செய்வோரைக் காணுங்கால் சற்று வியப்பாகவே இருக்கிறது.

கத்தோலிக்கரின் நிலை இன்னும் சுவையானது. அவர்கள் நெடுங்காலம் ஓதிவந்த இலத்தீன் சங்கீத நூல் கிரேக்க மொழிபெயர்ப்பை அடியொற்றியது. அதில் இது 55ஆம் சங்கீதம், கலமே இல்லை. கண்ணீர் இறைவனின் திருமுன் வைக்கப்பட்டது என்பதோடு அவ்வடி நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் நம் சம்பா கோயிலில் இலத்தீன் சங்கீதம் ஓதிய குருமார், குப்பியையும் அறியார், துருத்தியையும் அறியார்.

பொருளைக் கண்டு நம்பிக்கையைக் கட்டுவது கிறித்தவ வரலாற்றில் இதற்கு முன்பும் நிகழ்ந்ததுண்டு. உரோம நகரின் நிலத்தடிக் கல்லறைகளில், சுவர்ச் சாந்தில் பதிக்கப்பட்ட சிறு கண்ணாடிக் கலங்கள் கிடைத்தன. சிலவற்றினுள் செந்நிறப் படிவு இருந்தது. அது வேதசாட்சிகளின் இரத்தமே என்று கொண்டு, இரத்தம் தோய்ந்த கலமும் குருத்தோலை வடிவும் உயிர்த்தியாகத்தின் உறுதியான அடையாளங்கள் என 1668இல் உரோமத் திருச்சபையின் குழு ஆணையிட்டது. 1863இல் அது மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. ஆனால் அத்தகைய கலங்கள் பல, கி.பி. 313க்குப் பின், துன்புறுத்தல் ஓய்ந்த காலத்துக் கல்லறைகளில் இருந்ததைக் கத்தோலிக்க அறிஞர்களே எடுத்துக் காட்டினர். தம் சமயத்தவரின் பக்திப் பொருளைத் தாமே உரைத்துப் பார்த்த அந்நேர்மையை நாம் பாராட்ட வேண்டும்.

முஸ்லிம் உலகும் இதற்கு விலக்கன்று. ஈரானில் 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட, அன்னக்கழுத்துப் போல் வளைந்த கண்ணாடிக் குடுவைகள் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. போருக்குச் சென்ற கணவருக்காக மனைவியர் கண்ணீர் சேகரித்த 'அஷ்க்தான்' என்று அவற்றுக்குக் கதை சொல்வர். உண்மையில் அவை பன்னீர் தெளிக்கும் கலங்கள். நம் வீட்டு நிக்காஹ் மஜ்லிஸில் வலம் வரும் பன்னீர்ச் செம்பின் உறவினர்.

அப்படியாயின் முசேயின் ஆறுதல் வெறும் கட்டுக்கதையா? இவ்விடத்தில் யான் சூரா யூஸுஃபை நினைத்துக்கொண்டேன். துக்கத்தின் நினைவுப்பொருள் ஒன்று அதில் வருகிறது: சகோதரர்கள் தந்தையிடம் கொண்டுவந்த, பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டை (12:18). யஃகூப் (அலை) அவர்கள் அச்சட்டையை நம்பவில்லை. ஓநாய் மகனைத் தின்றது; சட்டையை மட்டும் கிழிக்காமல் விட்டதோ என அவர்கள் வினவியதாக விரிவுரையாளர்கள் எழுதுவர். பொருளின் சாட்சியை மறுத்தார்களே தவிர, துக்கத்தை மறுக்கவில்லை. கண்கள் வெளுக்கும்வரை அழுதார்கள். தம் கவலையை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட்டார்கள் (12:84, 86). பின்னர், உண்மையான சட்டை வந்து முகத்தில் இடப்பட்டபோது பார்வை மீண்டது (12:96). பொய்ப் பொருளை ஏற்க மறுத்ததால் அவர்களின் ஈமான் குறைந்துவிடவில்லை.

சங்கீதத்தின் நிலையும் அதுவே. அதன் தலைப்பின்படி, அது ஒருவர் இறந்தமைக்கான அழுகை அன்று. காத் நகரில் பெலிஸ்தரிடம் சிக்கி, ஊர்விட்டு ஊர் ஓடிய ஒருவரின் அழுகை. எபிரேயத்தில் 'என் அலைச்சல்' என்னும் சொல்லும் 'உன் தோற்கலம்' என்னும் சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலியுடையவை. பாடியவர் அதை வேண்டுமென்றே அருகருகே வைத்திருக்கிறார். பாலைவழிப் பயணிக்குத் தோற்கலத்தில் உள்ள நீரே உயிர். சிந்தினால் மரணம். தரையில் சிந்திப்போகும் தம் கண்ணீரை இறைவன் அத்தகைய அரும்பொருளாகக் கருதித் தன் கலத்தில் பேணுகிறான், தன் ஏட்டில் பதிகிறான் என்பதே அவ்வடியின் கருத்து. கண்ணாடிக் குப்பியின் கதையில் அழுபவரே கண்ணீரைச் சேமிக்கிறார். மூலத்தில் சேமிப்பவன் இறைவன். கிறித்தவ நம்பிக்கைக்கு இவ்விரண்டில் எது ஆழமானது என்று சொல்ல ஒரு முஸ்லிம் தேவையில்லை.

நம் வழியிலும் கண்ணீருக்குக் கலமில்லை, மதிப்புண்டு. ஹிஜ்ரி 10இல் மகனார் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. "தாங்களுமா?" என வியந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம், அது கருணை என்று விளக்கினார்கள். ஒப்பாரியும் மார்பிலடித்தலும் விலக்கப்பட்டன; கண்ணீர் விலக்கப்படவில்லை. திர்மிதியில் பதிவான ஒரு நபிமொழி, அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பான துளிகள் இரண்டு என்கிறது: அவனை அஞ்சி வடித்த கண்ணீர்த் துளி, அவன் வழியில் சிந்திய இரத்தத் துளி. உரோமக் கல்லறைகளில் மாந்தர் குப்பியில் தேடிய அதே இரண்டும் இங்கே குப்பியின்றிப் பேசப்படுகின்றன.

இவற்றையெல்லாம் முசேயிடம் ஒரே மாலையில் சொல்லி முடிக்க இயலவில்லை; மூன்று நாள் மாலைகள் ஆயின. கேட்டு முடித்தபின் அவர், 'ஸிக்கு' என்னும் சொல்லை அரபு எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதைத் தம் ஜெப நூலில், அந்தச் சங்கீதம் உள்ள பக்கத்தில் வைத்துக்கொண்டார். குப்பியை என்ன செய்வது என்று கேட்டார். தைலக் குப்பிதானே, அத்தர் ஊற்றி வையுங்கள் என்றேன்.