படிகங்களின் கதை – 9: இடவலம் மாறிய எண்கள்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், பக்கிங்காம் கால்வாயும் கழுவெளியும் கடலை ஒட்டிக் கிடக்கும் மரக்காணத்து உப்பளங்களில், பாத்தியில் தேங்கிய உவர்நீர் வெயிலில் சுண்டிச் செறிவு ஏறத்தாழ 25 போமே அளவை எட்டும்போது சோடியம் குளோரைடு படிகமாகப் படியத் தொடங்குகிறது. 30 போமேயை நெருங்கினால் மெக்னீசிய உப்புகளும் உடன் படிந்து சுவையைக் கெடுக்கும் என்பதால், எஞ்சும் கசப்புநீர் அதற்கு முன்பே வடிக்கப்படுகிறது. அந்த நீரில் பொட்டாசியம் குளோரைடும் கரைந்திருக்கும். பாத்தியில் தங்கும் உப்பையும் நீரோடு வெளியேறும் உப்பையும் 1913இல் எக்ஸ் கதிரின் முன் வைத்து ஒப்பிட்ட லாரன்ஸ் பிராக், இன்றைய படிகவியல் மென்பொருள்கள் இன்னும் தடுமாறும் ஒரு சிக்கலை அப்போதே சந்தித்தார்.

எக்ஸ் கதிரைச் சிதறச் செய்பவை அணுக்களிலுள்ள எலெக்ட்ரான்கள். சோடியம் அயனியில் 10, குளோரைடு அயனியில் 18, பொட்டாசியம் அயனியிலும் 18 எலெக்ட்ரான்கள் உள்ளன. ஆகவே பொட்டாசியம் குளோரைடில் இருவகை அயனிகளும் எக்ஸ் கதிருக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்ற, சாதாரண உப்பில் தெளிவாகக் காணப்படும் சில சிதறல் புள்ளிகள் அதில் மறைந்துவிடுகின்றன. படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு கட்டமாகிய அலகுக்கூடு, உண்மைப் பக்க அளவில் பாதியே உடையதாகத் தோன்றுகிறது. இரண்டு உப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்ததால் பிராக் இந்தத் தோற்றத்துக்கு ஏமாறவில்லை.

கணிப்பொறிக்கு அப்படி ஒப்பிடும் வாய்ப்பு இல்லை. புரதப் படிகங்களை ஆராயப் பயன்படும் எக்ஸ்டிஎஸ், மோஸ்ஃபிளம், டயல்ஸ் போன்ற மென்பொருள்கள், படிகத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றி எடுத்த படங்களில் முதலில் வலிமையான புள்ளிகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் மூன்று முழு எண்கள் கொண்ட சுட்டெண் கொடுத்து, அதன் பிறகே புள்ளிகளின் செறிவை அளக்கின்றன. வலிய புள்ளிகளுக்கு இடையே மங்கலான வரிசை ஒன்று இருந்தால், அது தேடலில் விடுபட்டு, அலகுக்கூடு சிறுத்துப்போகக்கூடும். கதிர் விழும் மையம் சற்றே தவறாகப் பதிவாகியிருந்தால், புள்ளிகள் நெருங்கி அமைந்த பெரிய அலகுக்கூடுகளில் எல்லாச் சுட்டெண்களும் ஒன்று தள்ளிப்போய்விடும். உறைந்த மாதிரியில் பனிக்கட்டி படிந்தால் அதன் வளையங்கள் புரதத்தின் புள்ளிகளை மூடிக்கொள்ளும். இவை துறையினர் நன்கறிந்த குறைகள். எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் போவதால் பெரும்பாலும் பிடிபட்டுவிடுகின்றன. எண்களெல்லாம் ஒத்துப்போய், முடிவு மட்டும் தவறாகும் பிழைதான் அஞ்சத்தக்கது.

மரக்காணத்து உப்புப் படிகமும் அதன் கண்ணாடிப் பிம்பமும் அமைப்பில் ஒன்றே. புரதத்துக்கு இடம், வலம் உண்டு. எதிரெதிர்ச் சுட்டெண் கொண்ட இரு புள்ளிகளின் செறிவு பொதுவாகச் சமமாக இருக்கும்; இடவலம் உள்ள படிகத்தில், கதிரின் ஆற்றலைக் குறிப்பிட்டவாறு உட்கவரும் கனமான அணு இருந்தால், அந்தச் சமன் சிறிது பிறழும். இப்பிறழ்ச்சியைக் கொண்டு அணு அமைப்பையே கணிக்கலாம் என்னும் முறையை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் 1956இல் முன்வைத்தனர். அந்த மிகச்சிறு வேறுபாட்டின் கூட்டல் கழித்தல் குறியில்தான் இடவலம் அடங்கியிருக்கிறது.

அந்தக் குறி மாறியதால் நேர்ந்தது படிகவியலாளர் எவரும் மறக்கக் கூடாத ஒன்று. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜெஃப்ரி சாங்கின் குழு 2001இல் எம்எஸ்பிஏ என்னும் சவ்வுப் புரதத்தின் அமைப்பை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது; 2006இல் சூரிச்சின் டாசனும் லோக்கரும் அதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ்ஏவி1866 புரதத்தின் அமைப்பை வெளியிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. சாங்கின் குழு பயன்படுத்திய, ஆய்வகத்துக்குள்ளேயே புழங்கிய ஒரு நிரல், எதிரெதிர்ப் புள்ளிகளின் இரு நெடுவரிசைகளை இடம் மாற்றியிருந்தது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த அமைப்புகளை நம்பித் தம் சோதனைகளை விளக்க முயன்ற பிற ஆய்வாளர்களின் உழைப்பும் அதில் வீணாயிற்று. அந்த நிரல் நின்றுவிடவில்லை, எச்சரிக்கவும் இல்லை. தன்னளவில் ஒழுங்கான எண்களையே தந்தது.

ஆகவே மென்பொருள் ஆக்குவோரிடம் முதலில் கேட்கப்பட வேண்டியது வேகம் அன்று. ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது, படிகம் எந்தத் திசையில் சுழன்றது, மையம் எங்கிருந்து பெறப்பட்டது என்பவை கோப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மங்கலான இடைவரிசைகள் விடுபட்டிருந்தால் நிரல் தானே அதைச் சொல்ல வேண்டும். உலகப் புரதத் தரவு வங்கி 2008 பிப்ரவரி முதல், அணு ஆயங்களோடு, அளந்த செறிவுகளிலிருந்து பெற்ற எண்களையும் கட்டாயமாகக் கேட்கிறது. ஆனால் அந்த எண்களே இடம் மாறியிருந்தால், மூலப் படங்களின்றி அதை உறுதிசெய்து திருத்துவது கடினம். ஒரு படிகத்தின் படங்கள் பல ஜிகாபைட் இடம் பிடித்தாலும், அவற்றைக் கட்டணமின்றி ஏற்கும் ஸெனோடோ போன்ற பொதுக் களஞ்சியங்கள் இன்று உள்ளன. ராமச்சந்திரனின் வழிவந்த தமிழக ஆய்வகங்கள், கட்டுரையை இதழுக்கு அனுப்பும் நாளிலேயே மூலப் படங்களையும் அங்கே ஏற்றிவிட வேண்டும்.