குழியை மூடும் முன் ரசீதைக் கேளுங்கள்

"நீங்க ஏன்க்கா அலையுதிய? ஆபீஸு, ரசீது, ரோடு கட்டிங் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

தூத்துக்குடியில் பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் போகிறவர்கள் இந்த ஒரு பேச்சில் விழுந்துவிடுகிறார்கள். வெற்று விண்ணப்பத்தில் கையெழுத்து, கையோடு ரொக்கம். நாலாம் நாள் தெருவை வெட்டிக் குழாயைப் பதித்து மண்ணைத் தள்ளிவிட்டு கான்ட்ராக்டர் போய்விடுவார். பிறகு ஒருநாள் சேம்பர் பொங்குகிறது. புகார் சொல்லப் போனால், "உங்க வீட்டுக்கு இணைப்பே கணக்கில இல்லையே" என்கிறார் எழுத்தர். கான்ட்ராக்டரின் செல்போன் அணைந்திருக்கிறது. இதே கதையை வேறு வேறு தெருக்களில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அனுமதி வீட்டு உரிமையாளர் பெயரில்தான் வழங்கப்படும், கான்ட்ராக்டர் பெயரில் அல்ல. அனுமதி இல்லாத இணைப்புக்கு நோட்டீஸ் வந்தாலும் உங்கள் பெயருக்குத்தான் வரும். வேலையை அவர் செய்யட்டும், அலையட்டும், கூலியும் வாங்கட்டும். காகிதம் மட்டும் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

அந்தக் காகிதம் என்ன? தூத்துக்குடி மாநகராட்சியின் 60 வார்டுகளும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களில் அடங்கும். உங்கள் வார்டு எந்த மண்டலம் என்பது சொத்துவரி ரசீதைக் காட்டிக் கேட்டால் தெரிந்துவிடும். ஆணையருக்கு முகவரியிட்ட இணைப்பு விண்ணப்பத்தோடு சொத்துவரி ரசீது நகல், உரிமைப் பத்திர நகல், கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றை இணையுங்கள். வரி பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். கோப்பு நின்றுபோகும் முதல் இடம் அதுதான். விண்ணப்பத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். "ஏ.இ. சைட்டுக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்பார்கள். போங்கள், ஆனால் அந்தச் சீல் இல்லாமல் திரும்பாதீர்கள். சீல் இல்லாத விண்ணப்பம் அலுவலகத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

பணம் மூன்று வகை: வைப்புத்தொகை, இணைப்புச் செலவு, வெட்டிய சாலைக்கான சீரமைப்புக் கட்டணம். வைப்புத்தொகை கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் பொறுத்து மாறும், வீட்டுக்கு ஒன்று, கடைக்கு வேறொன்று. மூன்றுக்கும் மாநகராட்சி ரசீது தனித்தனியே உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் தன் லெட்டர்பேடில் எழுதித் தருவது ரசீது ஆகாது. இணைப்பு கிடைத்ததும் பாதாளச் சாக்கடைக்கென்று ஒரு வரிவிதிப்பு எண் வரும். அதை உள்ளாட்சிக் கட்டண இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரும் கதவு எண்ணும் திரையில் வந்தால்தான் இணைப்பு கணக்கில் ஏறியிருக்கிறது.

சாலை யாருடையது என்பதையும் கேளுங்கள். உள்தெரு மாநகராட்சியுடையது. நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கும் சாலை என்றால் அவர்களிடம் தனியே அனுமதி வாங்க வேண்டும். துறைமுக எல்லைக்குள் இருந்தால் வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையத்தைத்தான் கேட்க வேண்டும். மீன் பதனிடும் கூடம் வைத்திருப்பவர்கள் வீட்டு இணைப்பு விண்ணப்பத்தில் தங்கள் கழிவை நுழைக்கப் பார்க்கக் கூடாது. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும்.

அடுத்தது ஆய்வு. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். மாநகராட்சிப் பொறியாளர் குழியைத் திறந்த நிலையில் பார்க்க வேண்டும். நம் ஊர் மட்டமான ஊர். கடலோரப் பகுதிகளில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், மணல் சரியும். சாய்வு கொஞ்சம் தவறினாலும் கழிவு நகராது. மூடிய பிறகு வந்து பார்ப்பவருக்குத் தெரிவது மண் மட்டுமே. ஆகவே பொறியாளர் வரும்வரை மூட விடாதீர்கள். அவர் வராவிட்டால், குழாயும் சேம்பரும் தெரிய, அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள். கான்ட்ராக்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மொட்டைமாடி மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அடைமழையில் அந்தத் தண்ணீர் கழிவோடு சேர்ந்து பள்ளத்தில் இருக்கிறவர் வீட்டுக் கழிப்பறை வழியாகப் பொங்கும். கழிவுநீரை மழைநீர் வாறுகாலில் விடுவதும் அதே அளவு தப்பு. அது பக்கிள் ஓடை வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் இடுப்பளவு நின்றது வெறும் மழைநீர் என்று நினைக்கிறீர்களா? மறுபடியும் சொல்கிறேன்: மழைநீர் தனி, கழிவுநீர் தனி.

இனி உயிர் விஷயம். 2020 ஜூலையில் இதே மாவட்டத்தின் கீழச் செக்காரக்குடியில் ஒரு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன நால்வர் இறந்தார்கள். உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. "நாத்தமே இல்ல, இறங்கலாம்" என்பதுதான் மிக மோசமான அறிகுறி. இறங்கியவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் திரும்ப மாட்டார். இந்தக் கரையில் முத்துக்குளிக்க இறங்கியவனுக்கு மேலே கயிறு பிடிப்பது மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள், தங்கை விதவையாகிவிடக் கூடாதே என்ற பதைப்பு அவனுக்குத்தான் இருக்குமாம். சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்குக் கயிறும் இல்லை, மச்சானும் இல்லை.

மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ கழிவுத்தொட்டியிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. நேரடியாக இறக்கினாலும் கான்ட்ராக்டர் மூலம் இறக்கினாலும் ஒன்றுதான். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். "எனக்குத் தெரியாது, கான்ட்ராக்டர்தான் ஆளைக் கூட்டியாந்தார்" என்று வீட்டுக்காரர் கழன்றுகொள்ள முடியாது. அடைப்பு என்றால் மாநகராட்சிக்கோ 14420 உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். தனியார் லாரி வந்தால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆளை இறக்காதீர்கள். ஐந்து நிமிட வேலைதான் என்றாலும் இறக்காதீர்கள்.

மரணம் நேர்ந்துவிட்டால், "விபத்து" என்று எழுதிக் கையில் ஏதோ கொடுத்து முடிக்க வருவார்கள். குடும்பத்தினர் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, 2013 சட்டத்தின் பிரிவுகள் 7, 9 இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று உத்தரவிட்டிருக்கிறது. கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளில் அந்தத் தேதியைக் குறிப்பிட்டே மனு கொடுங்கள்.

பணம் வாங்கி ஏமாற்றிய கான்ட்ராக்டர் மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. விண்ணப்பம் நகராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டு, கோப்பு எந்த மேசையில் எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று கேளுங்கள். பதில் தர முப்பது நாள் கெடு. மனு போய்ச் சேர்ந்த வாரமே கோப்பு நடக்கத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064. இவை எதற்கும் முதலில் கேட்கப்போவது அந்தச் சீல் போட்ட நகலைத்தான்.