கவிதை இதழும் வாசகர் எதிர்வினையும்: திருவண்ணாமலை தரும் பாடம்

கவிதைக்கென்றே நடத்தப்படும் இணைய இதழ் ஒன்றின் புதிய வெளியீடு வந்ததும், அதன் ஆசிரியர் குழு எதிர்பார்த்திருப்பது வாசகரின் எதிர்வினையை, அதாவது படித்தவர் தம் கருத்தைக் கவிஞருக்கோ இதழுக்கோ பிற வாசகருக்கோ தெரியும்படி பதிவு செய்வதைத்தான். அச்சிதழுக்குச் சந்தாவும் விற்பனையும் ஓரளவு கணக்குக் காட்டும்; விலையின்றிப் படிக்கக் கிடைக்கும் இணைய இதழுக்கு அந்தக் கணக்கும் இல்லை. ஆயினும் இன்று வரும் எதிர்வினைகளில் பெரும்பகுதி 'அருமை', 'வாழ்த்துகள்' என்ற சொற்களோடும் கைகூப்பும் படத்தோடும் முடிந்துவிடுவதால், எந்தக் கவிதை யாரிடம் என்ன செய்தது என்பது தெரியாமலேயே அடுத்த இதழ் வந்துவிடுகிறது. தமிழில் கவிதை வாசிப்பு எக்காலத்திலும் இப்படித்தான் இருந்தது என்று கருதுவோர் திருவண்ணாமலையின் இலக்கிய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

அச்சு வருவதற்கு முன்பே தமிழ்க் கவிதைக்கு எதிர்வினை வடிவங்கள் இருந்தன. புலவர் அவையில் நூலைப் படித்துக் காட்டி, எழுப்பப்படும் தடைகளுக்கு விடை கூறி, ஏற்பைப் பெறுவது அரங்கேற்றம் எனப்பட்டது. நூலைப் படித்த புலவர் அதன் சிறப்பைச் செய்யுளாலேயே எடுத்துரைப்பது சாற்றுகவி எனப்பட்டது. முன்னதில் கேள்வியும் பின்னதில் பாராட்டும் மேலோங்கி நின்றன என்றாலும், இரண்டிலும் எதிர்வினை செய்பவர் நூலை முழுதும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவானது.

இந்த மரபின் தொடர்ச்சியை இருபதாம் நூற்றாண்டில் மிக அருகிலிருந்து காணக்கூடிய இடம், திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமம். தமிழாசிரியராகப் பணியாற்றிய முருகனார், அங்கு வாழ்ந்த ஞானி ரமணரை 1923இல் முதன்முறையாகக் காண வந்தபோது தாம் இயற்றிய 'தேசிகப் பதிகம்' என்னும் செய்யுள் தொகுதியைக் கொண்டுவந்தார். பின்னர் அவர் திருவாசகத்தின் அமைப்பை ஒட்டி 'ரமண சந்நிதி முறை'யைப் பாடிவந்தபோது, தாருகாவனத்து முனிவர்களுக்குச் சிவன் உபதேசிக்கும் கட்டம் வந்தது. அந்த உபதேசத்தைத் தாம் பாடுவது பொருந்தாது என்று கருதிய முருகனார், ரமணரையே பாடித் தருமாறு வேண்டினார். அவ்வாறு 1927இல் பிறந்த 30 பாடல்களே 'உபதேச உந்தியார்'. பாடலைக் கேட்கும் இடத்தில் இருந்தவரே அதன் விடுபட்ட பகுதியை எழுதி நிறைவு செய்தது தமிழ் வாசிப்பு வரலாற்றில் அரிய நிகழ்வு.

'குருவாசகக் கோவை' இன்னும் தெளிவான சான்று. ரமணர் வாய்மொழியாகக் கூறியவற்றை முருகனார் வெண்பாக்களாக வடித்துவர, ரமணரின் அடியாரான சாது நடனானந்தர் அவற்றைப் பொருள்வாரியாக அடுக்கினார். நூல் 1939இல் அச்சேறும் முன், ரமணர் அதைத் திருத்தியதோடு, தேவைப்பட்ட இடங்களில் தாமே வெண்பாக்களைச் சேர்த்தார். இன்று வழங்கும் விரிவான பதிப்பில் முருகனாரின் 1254 பாடல்களுடன் ரமணர் இயற்றிய 28 பாடல்களும் இடம்பெறுகின்றன. பாடல் பாடலாகப் படித்து, சொல்லைத் திருத்தி, பொருள் குறையும் இடத்தில் தம் செய்யுளை வைப்பதைக் காட்டிலும் முழுமையான எதிர்வினை ஒன்றைக் கற்பனை செய்வது கடினம்.

நவீன கவிதை இதழ்களுக்கு வந்தால், முதலில் சொல்ல வேண்டியது சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து'. சிற்றிதழ் என்பது வணிக நோக்கமின்றி, குறைந்த பிரதிகளில், தீவிர இலக்கியத்துக்காக நடத்தப்படும் ஏடு. அதற்குத் தமிழில் முன்மாதிரியாக அமைந்த 'எழுத்து', சந்தா செலுத்திய சிறு வட்டத்தை நம்பி 1970 வரை 119 இதழ்களாக வெளிவந்தது. யாப்பின் கட்டுக்கு வெளியே எழுதப்பட்ட ந. பிச்சமூர்த்தியின் கவிதைகளை அது வெளியிட்டபோது, 'இது கவிதைதானா' என்ற கேள்வி எழுந்தது. செல்லப்பா அக்கேள்வியை ஒதுக்காமல், ஆதரவுக்கும் மறுப்புக்கும் பக்கங்களைத் திறந்துவிட்டு, தாமும் கட்டுரைகளால் விடை கூறினார். யாப்பு, ஓசை, படிமம் ஆகியவை குறித்த விவாதம் கவிதைகளோடு சேர்ந்தே வளர்ந்தது.

அந்த விவாதத்தின் விளைவை எண்களால் கூறிவிடலாம்: 1962இல் 'எழுத்து' வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இருந்தன. இதழின் வாசகராக இருந்தவர்களே அதன் கவிஞராகவும் விமர்சகராகவும் மாறியது அதைவிடப் பெரிய விளைவு. இலங்கையின் திருகோணமலையில் இருந்த, அப்போது இருபது வயதையொட்டிய தருமு சிவராமு (பிற்காலத்தில் பிரமிள்) இவ்வாறு கவிஞராகவும் விமர்சகராகவும் அறிமுகமானார். வெங்கட் சாமிநாதன் விமர்சகராக உருவானார். 1971இல் கோவையிலிருந்து விலையின்றி வழங்கப்பட்ட 'வானம்பாடி' கவிதை இதழும் கடுமையான எதிர்வினையைச் சந்தித்தது. அதன் கவிதைகளில் முழக்கத் தொனி மிகுந்திருக்கிறது என்ற குற்றச்சாட்டு, அடுத்துவந்த கவிஞர்கள் தம் குரலைத் தாழ்த்திக்கொள்ள ஒரு காரணமாயிற்று.

திருவண்ணாமலை பின்னர் வேறொரு வழியைக் கண்டது. முற்போக்கு எழுத்தாளர் அமைப்பினர் விடிய விடிய நடத்திய கலை இலக்கிய இரவுகளும், எழுத்தாளர் பவா செல்லதுரை முன்னின்று நடத்திய 'முற்றம்' கூடுகைகளும், எழுதியவரையும் படித்தவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தன. இதே மாவட்டத்து வந்தவாசியில் அ. வெண்ணிலா, மு. முருகேஷ் போன்ற கவிஞர்கள் எழுதிவருவதற்கும் இத்தகைய சூழல் துணைநின்றிருக்கும். நேரில் கேட்கும் வாசகருக்கு முகம் உண்டு. அவர் புரியவில்லை என்று சொன்னால் கவிஞர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும்.

இணைய இதழுக்கு வேகமும் பரப்பும் உண்டு. 1999இல் 'திண்ணை' இணைய இதழ் தொடங்கியது முதல், மலேசியாவிலும் கனடாவிலும் இருக்கும் வாசகர் உள்ளூர் வாசகரோடு அதே நாளில் ஒரே கவிதையைப் படிக்க முடிகிறது. குறை என்னவென்றால், எதிர்வினைகள் இதழின் பக்கத்தில் ஒரு பகுதியும், முகநூலில் ஒரு பகுதியும், வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பகுதியுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இதழ் நின்றால் அவையும் மறைந்துவிடுகின்றன. 'எழுத்து' நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அதன் விவாதங்களை ஆய்வாளர் படிக்க முடிவதற்குக் காரணம், கவிதை அச்சான தாளிலேயே வாசகரின் மறுப்பும் அச்சானதுதான்.

ஆகவே இணையக் கவிதை இதழ் நடத்துவோர் செய்ய வேண்டியது இரண்டு: சிறந்த எதிர்வினைகளைத் தேர்ந்து அடுத்த இதழிலேயே வெளியிடுவது, பாராட்டோடு மறுப்பையும் சம இடத்தில் வைப்பது. வாசகர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. புதிய இதழைப் படித்து முடித்ததும், பிடித்த கவிதை எது, அதில் எந்த வரி, ஏன் என்று மூன்று வாக்கியம் எழுதுங்கள்; பிடிக்காவிட்டால் அதையும் அதே ஒழுங்கில் எழுதுங்கள். கவிஞருக்குப் பயன்படுவது அதுவே.