பிணைப்பணம் கொடுப்பது குற்றமா?

கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டும் கிருமியே ரேன்சம்வேர். ஆளைக் கடத்திப் பணம் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. கடத்தப்படுவது ஆளல்ல, தகவல். கடத்துபவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதுகூடத் தெரியாது.

2025 மார்ச் 23ஆம் தேதி மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. கேட்கப்பட்ட தொகை 1 கோடி அமெரிக்க டாலர். ஐந்து விநாடிகூட யோசிக்காமல் மறுத்துவிட்டதாகப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். விமானச் சேவை பாதிக்கப்படவில்லை என்றது நிர்வாகம். ஆனால் விமான நேரங்களை ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் கையால் எழுதிய படங்கள் நாடெங்கும் பரவின.

பிரதமர் மறுத்தார், சரி. ஒரு தனியார் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டால்? 2024 ஆகஸ்டு 26ஆம் தேதி நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, பணம் கொடுப்பதைத் தடை செய்யவில்லை. மறைப்பதைத்தான் தண்டிக்கிறது. முக்கியக் கட்டமைப்பாக அறிவிக்கப்பட்ட நிறுவனம், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்திற்குள் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனமான நாக்சாவுக்கு விவரம் தர வேண்டும். தவறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அபாய மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையும் கட்டாயம்.

இது கோலாலம்பூர்க்காரர்களின் கவலை என்று கோலா கங்சார் மக்கள் ஒதுங்கிவிட முடியாது. சட்டம் குறிப்பிடும் 11 துறைகளில் குடிநீர், மின்சாரம், மருத்துவம், போக்குவரத்து எல்லாம் அடங்கும். 1930இல் இருந்து மின்சாரம் தரும் செண்டரோ அணை இம்மாவட்டத்தில்தான் உள்ளது. 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட ஊருக்கு இன்னொரு செய்தி: விவசாயமும் தோட்டத்துறையும்கூட அந்த 11இல் ஒன்று. ஆனால் துறை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. நிறுவனம் தனியாக அறிவிக்கப்பட வேண்டும். சாலையோரச் சிறு தொழிற்சாலைக்கு இந்தக் கடமை இராது.

பெரிய ஓட்டை வேறிடத்தில் உள்ளது. சட்டம் 854 மத்திய, மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் குற்றத்திற்காக அவற்றின் மீது வழக்குத் தொடர முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் உள்ளது. அந்தச் சட்டமோ அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. தனியார் கிளினிக்கில் இருக்கும் நோயாளியின் விவரத்திற்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அரசு மருத்துவமனையில் இருக்கும் அதே விவரத்திற்கு இச்சட்டத்தின் வழி கிடைப்பதில்லை. நம்மில் பெரும்பாலோர் நம்பியிருப்பது அரசு மருத்துவமனைகளைத்தானே!

பணம் கொடுத்தால் பிரச்சினை தீருமா? 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எண்ணெய் நிறுவனம் ஏறக்குறைய 44 லட்சம் டாலர் கொடுத்தது. கிடைத்த சாவி மிக மெதுவாக வேலை செய்ததால், கடைசியில் தன்னிடமிருந்த நகல்களைக் கொண்டே மீள வேண்டியதாயிற்று.

பிரிட்டன் இதை வேறு விதமாக அணுகுகிறது. பொதுத்துறை அமைப்புகளும் முக்கியக் கட்டமைப்பு நிறுவனங்களும் பிணைப்பணம் கொடுப்பதைத் தடை செய்யப் போவதாக அந்நாட்டு அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. பணம் வராது என்று தெரிந்தால் திருடன் வேறு வீடு பார்ப்பான் என்பது அவர்களின் கணக்கு. நகல் எடுத்து வைக்காத மருத்துவமனை தாக்கப்பட்டால், அன்று அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரின் நிலை என்ன என்பதே எதிர்ப்பவர்களின் கேள்வி.