சுபேதார் வீட்டுப் பிள்ளைகள்

நம் சேரிகளில் 'மிலிட்டரிக்காரர் வீடு' எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். மாதம் பிறந்தால் பென்ஷன், சுவரில் சீருடைப் படம், காலேஜுக்குப் போகும் பெண் பிள்ளைகள். பட்டாளத்து வேலை ஒரு வீட்டை இவ்வளவு மாற்றுமா என்று கேட்கும் மாணவர்களுக்கு, ராம்ஜி சக்பாலின் வீட்டைத்தான் நாம் காட்ட வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரின் தந்தையான ராம்ஜி, பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுபேதார். ராணுவப் பள்ளியின் தலைமையாசிரியர். ஊர்ப் பள்ளிக்கூடங்கள் நம்மை வெளியே நிறுத்திய காலத்தில், படைவீரர்களின் பிள்ளைகளுக்கு, பெண் குழந்தைகள் உட்பட, அங்கே கல்வி கட்டாயம். 1891இல் அண்ணல் பிறந்ததும் மாவ் படைமுகாமில்தான்.

முகாமுக்கு வெளியே நடந்ததை அண்ணலே எழுதியிருக்கிறார். 1901இல் அவரும் அண்ணனும் அக்காள் மகன்கள் இருவரும், கோரேகானில் வேலையிலிருந்த தந்தையைப் பார்க்க ரயிலில் போனார்கள். புதுச் சட்டை, தொப்பி, பட்டுக்கரை வேட்டி. மசூர் நிலையத்தில் இறங்கியதும் அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் சாதி என்று தெரிந்ததும் விலகிப் போனார். வண்டி கிடைக்கவில்லை. கடைசியில் இரட்டிப்பு வாடகைக்கு ஒருவர் சம்மதித்தார். ஆனால் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் நடந்து வருவார். கையில் சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை. இரவு பட்டினியாகவே படுத்தார்கள்.

அதற்குள் படையின் கதவும் மூடப்பட்டிருந்தது. 'போர்க்குடிகள்' என்று சில சாதிகளை மட்டும் பொறுக்கியெடுத்த வெள்ளை அரசு, 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. அதுவரை அவர்கள் சிந்திய ரத்தம் யாருடையதோ! ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது. போர் முடிந்ததும் மறுபடி சாத்தினார்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. வெள்ளைக்காரன் சண்டையில் நமக்கென்ன என்று பலர் கேட்டார்கள். சுபேதார் மகன் அப்படிப் பார்க்கவில்லை. இனத்தின் பேரால் மனிதரைத் தரம் பிரிக்கும் நாஜிகள் வென்றால் உலகத்துக்கே கேடு என்றார். நம் இளைஞர்களைப் படையில் சேரச் சொன்னார். நமக்கென்று தனிப் படைப்பிரிவும் கேட்டார். 1941 அக்டோபரில் பெல்காமில் மகர் ரெஜிமென்ட் தொடங்கியது. இந்திய ராணுவத்தில் இன்றும் அது இருக்கிறது.